வண்டி மனசு வெக்கலீங்ணா

அவர் வந்துபோன நாளில் என் ஒர்க்ஷாப்பில் நிற்கிற எந்த வண்டியின் கண்ணாடியும் ரோட்டைக் காட்டாது. எல்லாம் அண்ணாந்து, ஆள் நின்றால் முகம் தெரிகிற மாதிரி திரும்பியிருக்கும். சிலிண்டர் வேலைக்கு வந்த வண்டியோ, வெறும் பிளக் மாற்ற வந்த வண்டியோ, அவருக்கு வித்தியாசம் கிடையாது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, கண்ணாடியைத் திருப்பி, பின்பாக்கெட்டுச் சீப்பை எடுத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அடுத்த வண்டிக்கு நகர்வார். இருப்பது ஒரே தலை. ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்ததோ என்னவோ.

வண்டியை எடுத்துப்போன வாடிக்கையாளர்கள் காந்திபுரம் தாண்டுவதற்குள் திரும்பி வருவார்கள்.

"ஏனுங்க, பின்னால வர்ற பஸ்ஸு தெரியலீங்க. வானந்தான் தெரியுது."

"அது ரேஸ்காரர் தலை சீவுன கண்ணாடிங்க. கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்" என்பேன் நான். அந்த அளவுக்கு எனக்குப் பெருமை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டப் போனேன். கூட்டிக்கொண்டே தொழிலைத் திருடினேன். ஒருத்தரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்றைக்கு எங்கள் கணபதி ஊரில் எனக்குச் சொந்த ஷெட் இருக்கிறது, ஒன்றல்ல, மூன்று. இன்ஜினியரிங் படித்த பிள்ளைகள் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் "நீங்க ஒருதடவை தடவிப் பாருங்கய்யா" என்று என்னிடம்தான் வருவார்கள். சிலிண்டருக்குள் விரலை விட்டால் போதும், எங்கே தேய்ந்திருக்கிறது என்று என் விரல் சொல்லிவிடும். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்வது அழகில்லை என்று என் சம்சாரம் சொல்கிறாள். வேறு யாரும் சொல்லாதபோது நான் என்ன செய்வது?

ஆனால் அந்த நாளில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் ஒற்றை ஷெட்காரன். அந்த விரல் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. வரவைத்தவர் அவர்தான். அதுவும் எவ்வளவு மரியாதையாக!

அவரை நான் முதலில் பார்த்தது சூலூர்ப் பக்கம் ஓர் அறுவடை முடிந்த சோளக்காட்டில். அந்தக் காலத்தில் தை, மாசி ஆனால் எங்கள் பக்கத்துக் காடுகளில் மண் ரேஸ் நடக்கும். வட்டமாகப் பாதை வெட்டி, நடுவில் ஆளுயரத்துக்கு மண்மேடு கொட்டி வைத்திருப்பார்கள். மற்றவர்களெல்லாம் மேட்டில் ஏறி, இறங்கி வந்தார்கள். இவர் ஏறினார், ஆனால் இறங்கவில்லை. பறந்தார். பறக்கும்போது ஒரு கையை எடுத்து, பெண்கள் நின்ற பக்கமாக டாட்டா வேறு காட்டினார். கழுத்தில் சிவப்புத் துண்டு. வண்டி தரைக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நான் யாருக்கும் விசில் அடித்தவன் இல்லை. அன்றைக்கு அடித்த விசிலில் உதடு வெடித்துவிட்டது.

மேட்டின் மேல் அவர் பறக்கிற போட்டோ ஒன்றை ஸ்டுடியோக்காரரிடம் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு, ஒர்க்ஷாப்பில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை சூடம் காட்டும்போது கை தானாக அந்தப் பக்கமும் ஒரு சுற்றுப் போய்விடும்.

"ஏனுங்க மாமா, அவருக்கு மயிலு, இவருக்கு மோட்டார் சைக்கிளா?" என்றாள் என் சம்சாரம். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தேங்கா ஒடைக்கறீங்களே, சாமி கோவிச்சுக்காது?"

பிறகு ஒருநாள் அந்தச் சாமியே நேரில் வந்து நின்றது. என் வேலையைப் பற்றி யாரோ சொன்னார்களாம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கண்ணாடிகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டு, "ஏனுங்ணா, உங்க கையில ஒரு எஞ்சின் வேணுமுங்க" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. வந்த வேலைகளை ஓரம்கட்டிவிட்டு, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனை இழைத்து, கல்யாணப் பெண்ணை அலங்கரிக்கிற மாதிரி அந்த எஞ்சினைச் செய்துகொடுத்தேன்.

தொடர்ந்து இரண்டு பந்தயம் ஜெயித்தார். மைக்கைக் கொடுத்தார்கள். "எல்லாம் என்ற கைதானுங்க. கை சொன்னா வண்டி கேக்கும்" என்றார். கூட்டத்தில் யாரையும்விடப் பலமாகக் கை தட்டினவன் நான். எஞ்சினைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது பந்தயத்தில் மண்மேட்டில் விழுந்தார். காரை எலும்பு முறிந்து, கையைக் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு கொஞ்ச காலம் இருந்தார். திரும்பி வந்தார். அதற்குப் பிறகுதான் அந்த வாக்கியம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது.

"வண்டி மனசு வெக்கலீங்ணா."

தோற்று வந்து, கண்ணாடிகள் முன்னால் தலையைச் சீவிக்கொண்டே, குழைவாகச் சொல்வார். "அண்ணன் கை பட்டா தங்கமுங்க. இன்னைக்குத் தங்கத்துக்குத்தான் என்னமோ ஒடம்பு சரியில்லீங்க." நானும், "அப்படிங்களா தம்பி, வெச்சுட்டுப் போங்க, பாத்துப்போடலாம்" என்று அன்றைக்கே எஞ்சினைப் பிரிப்பேன். குறை ஒன்றும் தெரியாது. இருந்தாலும் பிஸ்டனுக்குப் புது ரிங் போடுவேன். மறுபடி தோற்பார். "கொஞ்சம் சிணுங்குதுங்ணா." மறுபடி பிரிப்பேன்.

எங்கள் பக்கம் மரியாதை கொஞ்சம் எச்சு, அதிகம். ஒருவரை ஏசுவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் ஏசுவோம். இதில் ஒரு சிக்கல், ஏச்சு வாங்கினவனுக்கு வாங்கினது தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகுதான் உறைக்கும். எனக்கு அதுகூட உறைக்கவில்லை. அவர் என்னைக் குறை சொல்கிறார் என்பதே தெரியாமல், என் வண்டியின் உடம்பை விசாரிக்கிறார் என்று மூன்று வருஷம் பூரித்துக் கிடந்தேன்.

தோல்வி என்பது அவருக்கு எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது. பக்கத்துக் கடையில் கேரம் ஆடித் தோற்றால், "பவுடரு எச்சாயிருச்சுங்க." பரோட்டா தின்கிற பந்தயத்தில் தோற்றால், "சூடாப் போட்டுட்டாருங்க, ஆறியிருந்தா அடிச்சிருப்பேன்." அவிநாசியில் பெண் பார்க்கப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வந்து சொன்னார், "அவுங்க ஊட்டுல லைட்டு மங்கலுங்ணா. என்ற மூஞ்சி சரியாத் தெரியல." சொல்லும்போது முகத்தில் ஒரு பொய் இருக்காது. அவர் நம்பித்தான் சொல்வார். கேட்கிறவனுக்கும் அடடா, அந்த வீட்டில் ஒரு நல்ல பல்பு இருந்திருக்கலாமே என்று இருக்கும். அவர் மேல் யாருக்கும் கோபம் வராததற்கு அதுதான் காரணம்.

என் ஷெட்டை ஒட்டிச் சீட் கவர் தைக்கிற கடை ஒன்று இருந்தது. கோட்டைமேட்டிலிருந்து வரும் பாய் அதை நடத்தினார். என்னை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதிப் பாசம். அவர் ஒருநாள் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"முதலாளி, கேரத்துல தோத்தா பவுடரு. பரோட்டாவுல தோத்தா சூடு. ரேசுல தோத்தா?"

"வண்டிங்க."

"வண்டி யாரு செஞ்சது?"

நான் துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தேன். பாய் வாயிலிருந்த ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார்.

பாய் கேட்டதை ஊரே கேட்க ஆரம்பித்திருந்தது. ரேஸ்காரரின் எஞ்சின் அடிக்கடி மக்கர் பண்ணுகிறதாம், கணபதிக்காரன் கை முன்னே மாதிரி இல்லையாம் என்று பேச்சு. வழக்கமாக வருகிறவர்கள் என் ஷெட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போவதை நானே பார்த்தேன். ஒருத்தர் வேலைக்கு விட்ட வண்டியை, "அவசரமுங்க" என்று சொல்லிப் பிரித்தது பிரித்தபடி சாக்கில் கட்டி எடுத்துப்போனார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. படிப்பு இல்லாதவனுக்கு இந்த விரல் ஒன்றுதான் சொத்து. அது பொய் சொல்கிறது என்றால் மிச்சம் என்ன?

"வர்ற பொங்கல் ரேசுல வண்டி நின்னுபோச்சுன்னா, ஒர்க்ஷாப் போர்டக் கழட்டிப்போட்டு மறுபடி லேத்துக்குக் கூலிக்குப் போயிர்றேன் அம்மணி" என்றேன் சம்சாரத்திடம்.

"போர்டக் கழட்டறதுக்கு முன்னால அந்தப் போட்டோவக் கழட்டிப் பாருங்களே" என்றாள் அவள்.

அந்த வருஷம் பொங்கல் ரேஸ் கருமத்தம்பட்டியில். அது என் மாமனார் ஊர். சம்சாரத்தின் பங்காளிகள், சித்தி, பெரியம்மா என்று பாதிக் கூட்டம் எனக்கு உறவு. நான் புது வேட்டி கட்டி, முருகனுக்குச் சூடம் காட்டி, பாயையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எஞ்சினை மூன்று முறை பிரித்துப் பூட்டியிருந்தேன். என் விரல் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னது.

பந்தயம் ஆரம்பித்தது. முதல் சுற்றில் நடுவில் வந்தார். மண்மேடு வந்ததும் எஞ்சின் சத்தம் இறங்கியது. எனக்கு வயிற்றில் கத்தி சொருகின மாதிரி இருந்தது. மேட்டைத் தாண்டியதும் சத்தம் ஏறியது. அடுத்த சுற்று, அதே மேடு, அதே இறக்கம். இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது சுற்றில் மேட்டுக்கு முன்னாலேயே ஓரம்கட்டி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, எஞ்சினைக் கையால் காட்டினார்.

மைக்கில் அறிவிப்பு வந்தது. நல்ல மரியாதையான குரல்.

"அன்பார்ந்த பொதுமக்களே, நம்ம வீரருக்கு வண்டி ஒத்துழைக்கலீங்க. கணபதியில இருந்து வந்திருக்கற எஞ்சின் வேலை செஞ்ச அண்ணன், எங்க இருந்தாலும் வண்டிகிட்ட வரும்படி அன்போட கேட்டுக்கறோமுங்க."

மாமனார் ஊர். சம்சாரத்தின் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். காட்டின் குறுக்கே நடந்து போனேன். அவ்வளவு நீளமான காட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர் வண்டியின் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். பந்தய வண்டிக்குக் கண்ணாடி கிடையாது. பாவம், பழக்கம்.

"மனசு வெக்கலீங்ணா" என்றார்.

நான் கிக்கரில் காலை வைத்தேன். ஒரே உதை. வண்டி கோயில் மணி மாதிரி பேசியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன், பாடியது. விட்டேன், அடங்கியது.

"இப்பச் சமாதானம் ஆயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார் அவர், வருத்தமே இல்லாமல். "உங்களப் பாத்ததும் கேட்டுக்குச்சு பாருங்க."

பின்னாலேயே வந்திருந்த பாய் என் காதில் சொன்னார்: "முதலாளி, அடுத்தது பொதுப் போட்டி. யாரு வேணா ஓட்டலாமாம். ஏறுங்க."

"நானா? வேட்டியிலயா?"

"வேட்டிய மடிச்சுக் கட்டுனா அது பேன்ட்டுதான். ஏறுங்க. இல்லாட்டி நாளைக்குப் போர்டக் கழட்டறப்ப ஏணிய நாந்தான் புடிக்கணும்."

வேலை பார்த்த வண்டிகளை ஓட்டிப் பார்ப்பது என் தொழில். ஆனால் அது கணபதி ரோட்டில், மாட்டுவண்டிக்கு வழிவிட்டு. வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டினேன். அவரே அன்போடு தன் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டார். உள்ளே ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் இன்னொரு சீப்பு.

உச்சி வெயிலில் போட்டி ஆரம்பித்தது. காலையில் ஓடின இரண்டு பேர், உள்ளூர்ப் பையன்கள், ஒரு பால்காரர் என்று ஏழு பேர் நின்றோம். கொடி இறங்கியது. முதல் சுற்றில் நான் கடைசி. கூட்டத்தில் சிரிப்பு. "மாப்பிள்ளை, வேட்டி பத்திரம்!" என்று சம்சாரத்தின் பெரியம்மாதான் கத்தினார். அந்தக் குரல் எங்கே இருந்தாலும் கேட்கும்.

மேடு வந்தது. கீழிருந்து பார்க்கும்போது அது ஆளுயரம். வண்டி மேலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் பூமியே இல்லை. வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி, தோள் வழியாக இறங்கி, என் வலது கைக்கு வந்தது. நான் சொல்லாமலே கை முறுக்கைத் தளர்த்தியது. எஞ்சின் சத்தம் இறங்கியது.

அதே சத்தம். அதே இடத்தில், அதே அளவு இறக்கம். காலையில் என் வயிற்றில் சொருகின கத்தி இதுதான்.

அட, இது கை!

சிலிண்டருமில்லை, பிஸ்டனுமில்லை, ரிங்குமில்லை. விழுந்து எலும்பு முறிந்தவரின் கை மேட்டைப் பார்த்தால் தானாக முறுக்கைத் தளர்த்திவிடுகிறது. மூன்று வருஷம் நான் பிரித்துப் பூட்டினதெல்லாம் அவருடைய பயத்தை. பயத்துக்கு ரிங் மாற்றி இருக்கிறேன்! ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்த சிரிப்பு எனக்கே கணீரென்று கேட்டது.

அடுத்த சுற்றில் மேடு வந்தது. கை தளர்த்தப் பார்த்தது. "கண்ணு, நீ நான் செஞ்ச வண்டி, போ" என்று சத்தமாகச் சொல்லி முறுக்கினேன். பறந்தேன் என்று எழுத ஆசைதான். பாய் பிறகு கையை விரித்துக் காட்டினார், ஒரு சாண் உயரம். இருக்கட்டும். ஒரு சாணும் ஆகாயம்தான். மடித்துக் கட்டின வேட்டி அவிழ்ந்து பின்னால் கொடி மாதிரி பறந்ததாக ஊர் முழுக்கச் சொன்னார்கள். உள்ளே அரை டிரவுசர் போட்டிருந்தேன். தொழிலில் முன்யோசனை வேண்டும்.

காலையில் அவரைத் தாண்டிப் போன இரண்டு பேரில் ஒருத்தனை நான் தாண்டினேன். பால்காரரைத் தாண்ட முடியவில்லை, அவர் தனிப் பிறவி. கடைசியில் மூன்றாவதாக வந்தேன். ஏழு பேரில் மூன்றாவது, நாற்பதை நெருங்கின தொப்பையோடு. இதை நான் சொல்வது இப்போது ஆயிரமாவது தடவையாக இருக்கலாம். இன்னும் அலுக்கவில்லை.

வண்டியை நிறுத்தி இறங்கும்போது ஒரு நிமிஷம் எனக்குக் கசந்தது. என் போர்டு, என் விரல், மூன்று வருஷம். எல்லார் முன்னாலும் அவரிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேடைக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னாலேயே அவர் நின்றார். மைக் கையில் இருந்தது. என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களாங்க பொதுமக்களே! மூணு வருசமா நான் ஓட்டி ஓட்டிப் பழக்கி வெச்ச வண்டிங்க. யாரு ஏறுனாலும் ஓடுது பாருங்க!"

கூட்டம் கை தட்டியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் இல்லை. முழு மனசாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். காலையில் வண்டி தோற்றது. இப்போது அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் கணக்கு. கேட்க வந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் சிரித்தேன். பாய் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பெண்கள் பக்கத்தில் என் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரிசு, ஓர் எவர்சில்வர் அண்டா. போட்டோ எடுக்கும்போது அண்டாவின் ஒரு காதை நான் பிடித்தேன், மறு காதை அவர் பிடித்தார். பளபளவென்று இருந்த அண்டாவில் முகம் பார்த்து அவர் தலையைச் சரிசெய்துகொண்டதால் போட்டோக்காரர் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் பறக்கிற படத்தை முருகன் பக்கத்திலிருந்து கழற்றினேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. பழைய டயர் தொங்கவிடும் ஆணியில் மாட்டினேன். சூடம் அங்கே வரை எட்டாது. பார்வை எட்டும். போர்டு அப்படியே இருந்தது. கருமத்தம்பட்டியில் நடந்தது காற்று வேகத்தில் கணபதிக்கு வந்துவிட்டதால், வேட்டியில் ரேஸ் ஓட்டின ஆளைப் பார்க்கவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அவரும் வந்தார், வராமல் இருப்பாரா? அடுத்த பந்தயத்தில் தோற்றுவிட்டு, கண்ணாடிகளைச் சுற்றிக்கொண்டே, "மனசு வெக்கலீங்ணா" என்றார்.

இந்த முறை நான் பிரிக்கவில்லை. "தம்பி, வண்டிக்கு மனசு கெடையாதுங்க. இரும்புங்க அது" என்றேன். அவரை மாதிரியே, எங்கள் ஊர் மரியாதையிலேயே, குழைவாக.

சீப்பு பாதித் தலையில் நின்றது. யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். எனக்குக்கூடக் கொஞ்சம் பயம், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமோ என்று. பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப ரோடுதானுங்ணா! நானும் நெனச்சேன்."

அன்றைக்குக் குடித்த டீ மாதிரி ருசியான டீயை நான் குடித்ததில்லை. என் சாமி போய்விட்டார். வந்து உட்கார்ந்தவர் ஒரு சிநேகிதர். சூடம் காட்டின காலத்தில் அவரிடம் எனக்கு ஒரு வார்த்தை சகஜமாகப் பேச வந்ததில்லை. இப்போது அவர் பரோட்டாவில் தோற்ற கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, நானும் பாயும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் கூடவே சிரித்தார், தோற்றது பரோட்டாவின் சூடு என்கிற மாதிரி.

கொஞ்ச நாளில் ரேஸை விட்டுவிட்டார். "இப்பல்லாம் மண்ணு சரியில்லீங்க" என்றார். கல்யாணம் ஆயிற்று. அந்த வீட்டில் லைட் பிரகாசமாக இருந்திருக்கும். சரவணம்பட்டிப் பக்கம் இடம் வாங்கி விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் தொடர்பு இல்லை.

போன வைகாசியில் நான் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு மத்தியானம் ஷெட்டுக்கு வந்தேன். "யாரோ உங்களத் தேடி வந்தாருங்கய்யா. வயசானவரு. பேரு சொல்லல. இருங்கன்னு சொன்னேன், இல்லீங்கன்னு போயிட்டாரு" என்றார் மேனேஜர்.

"யாராட்டம் இருந்தாரு?"

"தலையில முடியே இல்லீங்க" என்றார்.

நான் வாசலுக்கு வந்தேன். சர்வீஸுக்கு வந்த வண்டிகள் வரிசையாக வெயிலில் நின்றன. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, அத்தனை கண்ணாடியும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அத்தனையும் சரி பண்ணச் சொல்லட்டுங்களா அய்யா?" என்றார் மேனேஜர்.

"சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றேன்.